சக்கரத்துக்கு ஒரு கல்

வெர்லோன், மார்ன் மாவட்டம்
23 ஜனவரி 1911

அன்புள்ள தங்கை மெலானிக்கு,

அக்கா ஒர்தான்ஸ் எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அத்தான் இசிதோர் போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை. புதைத்தும் ஆயிற்று. உனக்குத் தந்தி கொடுக்க அனுப்பிய ஆளைக் குதிரைப்படைக்காரர்கள் வழியிலேயே திருப்பி விட்டார்கள்.

நீ ஓப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் மார்ன் பக்கத்து வயிற்றெரிச்சல் உனக்கு எவ்வளவு தெரியுமோ. போன வருஷம் மே மாதம் பனி, ஜூலையில் புழு, அப்புறம் இலையெல்லாம் வெள்ளை பூத்துக் கருகிப்போயிற்று. எங்கள் மூன்று துண்டு நிலத்திலும் சேர்த்து ஒரு கூடைத் திராட்சை. அதிலும் பாதி அழுகல். ஆனால் கம்பெனிக்காரர்களின் நிலவறைகள் மட்டும் நிரம்பிக்கொண்டே இருந்தன. தெற்கேயிருந்தும் உங்கள் பக்கத்திலிருந்தும் சாறு பீப்பாய் பீப்பாயாக வந்து, இங்கே புட்டிக்குள் இறங்கியதும் ஷாம்பெய்ன் ஆகிவிடுகிறது. பிறகு எங்கள் திராட்சை யாருக்கு வேண்டும்? அதனால்தான் ஊர் ஆட்கள் வழியை மறித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இருட்டும் நேரம். பெரிய சாலையை விட்டுவிட்டு மேட்டுப் பாதையில் ஒரு வண்டி திருட்டுத்தனமாக ஏறுகிறது என்று மணி அடித்தார்கள். ஆறு பீப்பாய், மேலே வைக்கோல் மூடி. எல்லாரும் ஓடினோம், பெண்களும்தான். எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. குதிரை என்ன பாவம் செய்தது, அதன் மேல் ஒரு கீறல் படக் கூடாது என்று. முதலில் பூட்டின வாரை அறுத்துக் குதிரையை விரட்டிவிடுவோம், அப்புறம்தான் கோடாலி. என் பிள்ளை அர்சேன்தான் முந்திப் போனான். உனக்குத் தெரியுமே, சின்ன வயதிலேயே ஒரு கோழியை அறுக்கவும் விடமாட்டான். கவாத்துக் கத்தியால் இரண்டு பக்க வாரையும் அறுத்தான். குதிரைகள் தெறித்து ஓடின.

அந்த வண்டிக்காரப் பாவி என்ன செய்தான் தெரியுமா? எங்கள் மேல் வண்டியை விட்டான். சக்கரத்தை நிறுத்தும் கட்டையை எடுத்துவிட்டு, கத்திக்கொண்டே குதித்தான். வண்டி பின்னால் உருண்டது. இசிதோர் அதன் பின்னால் நின்றார். கல்சுவருக்கும் வண்டிக்கும் நடுவில். மெலானி, நான்தான் அவரைக் கழுவினேன். நெஞ்சு இருந்த இடம் பள்ளமாக இருந்தது. மேலெல்லாம் ஒயின். எது ரத்தம் எது ஒயின் என்று தெரியாமல் கழுவினேன்.

வண்டிக்காரனை அடித்தோம். ஆனால் முகமெல்லாம் சால்வை சுற்றியிருந்தான், காட்டுக்குள் ஓடிவிட்டான். வண்டியில் பெயர்த் தகடு இல்லை. கழற்றின ஆணித் துளை மட்டும் இருந்தது. குதிரைகள் தெற்கே, உங்கள் பக்கம் ஓடின.

அர்சேன் சவப்பெட்டி மேல் கை வைத்துச் சொன்னான், "அப்பா, அவன நான் கொல்லாம விடமாட்டேன்." பாதிரியார் அவன் கையைத் தட்டிவிட்டார். நான் தட்டவில்லை.

உன் வீட்டுக்காரர் ப்ரோஸ்பெரும் வண்டி ஓட்டுகிறவர். மரம்தான் ஏற்றுகிறார் என்றாலும் உங்கள் பக்கத்து வண்டிக்காரர்களை எல்லாம் தெரிந்தவர். யார் அந்த வாரம் வெளியே போய் வண்டியில்லாமல் திரும்பினான் என்று விசாரிக்கச் சொல். அர்சேனுக்கு ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவர். இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

உன் அக்கா,
ஒர்தான்ஸ்


புக்ஸ்வால், ஓப் மாவட்டம்
9 பிப்ரவரி 1911

பாசமுள்ள அக்காவுக்கு,

மெலானி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. அழுதேன். என்ன எழுத என்று தெரியாமல் இத்தனை நாள் போய்விட்டது, மன்னித்துக்கொள். அத்தானின் ஆன்மாவுக்காக இங்கே பூசை வைத்தோம். என் வீட்டுக்காரரும் முழங்காலில் நின்றார்.

வரத்தான் நினைத்தோம். பனி. அதோடு அவருக்குக் கை சரியில்லை. பீப்பாய் நழுவி விழுந்து விரல்கள் நசுங்கிவிட்டன. காய்ச்சல் வேறு. சாப்பாடு இறங்கவில்லை.

வண்டிக்காரனைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியவில்லை அக்கா. அர்சேனை வீட்டில் வை. கோபம் ஆறட்டும். அத்தான் இருந்தால் அதைத்தான் சொல்வார்.

கொஞ்சம் பன்றிக் கொழுப்பும் ஒரு பாலாடைக்கட்டியும் அனுப்பியிருக்கிறேன். நீ சாப்பிடு. பிள்ளைக்கும் கொடு.

உன் தங்கை,
மெலானி


வெர்லோன்
16 பிப்ரவரி 1911

மெலானிக்கு,

நீ அனுப்பியது வந்தது. ப்ரோஸ்பெருக்குக் கை தேவலையா? அர்சேன் நன்றாக இருக்கிறான். நான் உயிரோடு இருக்கிறேன்.

நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதியிருக்கிறாய்? புருஷனைப் பறிகொடுத்த அக்காவுக்குப் பாலாடைக்கட்டியா பதில்? "யாருக்கும் தெரியவில்லை" என்கிறாய். ஒரு வண்டி, ஆறு பீப்பாய் காணாமல் போனது ஒரு ஊருக்கே தெரியாமல் போகுமா? ஒரு கோழி காணாமல் போனாலே நாம் நான்கு நாள் பேசுகிறவர்கள்.

கவாத்து முடியவில்லை. இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தி செய்கிறேன். மண் கல்லாக உறைந்திருக்கிறது. கத்தியைப் பிடித்துப் பிடித்து விரல் மடங்க மறுக்கிறது. எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டிலில் இரண்டு குதிரைப்படைக்காரர்களைத் தங்கவைத்துவிட்டார்கள், கேட்காமலே. ஒருவன் தெற்கத்திப் பையன். "எங்க ஊர்லயும் ஒயின் கலகத்துல சுட்டாங்கம்மா, நாலு வருஷம் முன்னாடி. அப்ப நான் கல்லு எறிஞ்சேன். இப்ப இந்தப் பக்கம் நிக்கறேன்" என்று சிரிக்கிறான். சூப் ஊற்றிக் கொடுத்தேன். அர்சேன் தட்டிவிட்டான்.

காப்பிக்கடையில் ஆட்கள் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "ஓப்காரன் வாயத் தொறந்தா அவரக்காய் வாடைதான் வருது, அவன் ஒயின்ல என்ன வாடை வரும்?" உன்னையும் சேர்த்துத்தான். கொல்லன் மரியோ என்னைப் பார்த்ததும், "ஒர்தான்ஸ், உன் தங்கச்சி வீட்டுப் பீப்பாயும் அதுல இருந்திருக்குமோ?" என்றான். முகத்தில் துப்பிவிட்டு வந்தேன்.

அர்சேன் உடைந்த வண்டியின் சக்கர இரும்பை எடுத்து வைத்திருக்கிறான். அடித்த கொல்லனின் முத்திரை அதில் இருக்கிறதாம். வசந்தத்தில் உங்கள் பக்கம் வந்து ஒவ்வொரு பட்டறையாகக் காட்டப் போகிறான். தினமும் சாயங்காலம் கோடாலியைத் தீட்டுகிறான். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. அதற்குள் நீங்கள் கேட்டுச் சொன்னால் அவனுக்கு அலைச்சல் மிச்சம்.

உன் அக்கா,
ஒர்தான்ஸ்


புக்ஸ்வால்
12 மார்ச் 1911

பாசமுள்ள அக்கா,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அர்சேனை அனுப்பாதே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இங்கே நிலைமை சரியில்லை. நாங்கள் ஷாம்பெய்ன் இல்லையாம், எங்கள் திராட்சையை அந்தப் பெயரில் விற்கக் கூடாதாம். வேர்ப்பூச்சி வந்து எல்லாக் கொடியையும் பிடுங்கி எரித்தோமே, கடன் வாங்கி மறுபடி நட்டோமே, அப்போது ஒருவரும் நீங்கள் யார் என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆட்கள் திரள்கிறார்கள். மேயர்கள் பதவியை எறிந்துவிட்டார்கள். வரிக் காகிதங்களைச் சந்தையில் குவித்து எரித்தார்கள். மந்திரியைப் போல ஒரு வைக்கோல் பொம்மை செய்து தூக்கில் போட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கீழேயிருந்து அதைக் குத்தினார்கள் அக்கா. வெறும் வைக்கோல்தான். ஆனாலும் குத்தினார்கள்.

போன வாரம் மார்ன் பக்கத்திலிருந்து துணி விற்க வந்த ஒருவனைப் பல் தெறிக்க அடித்து ஆற்றில் தள்ளினார்கள். அவன் ஒரு பாவமும் செய்யவில்லை. பேச்சு உங்கள் பக்கத்துப் பேச்சு, அவ்வளவுதான்.

அவர் கூட்டத்துக்கெல்லாம் போவதில்லை. கை ஆறவில்லை. குதிரைகளையும் விற்றுவிட்டார். அர்சேன் வந்தால் உயிரோடு திரும்ப முடியாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

உன் தங்கை,
மெலானி


வெர்லோன்
20 மார்ச் 1911

மெலானி,

நலமா? நான் நலம்.

குதிரைகளை ஏன் விற்றார்? ப்ரோஸ்பெர் பெண்டாட்டியை விற்றாலும் குதிரையை விற்கமாட்டார் என்று உன் கல்யாணத்தன்று இசிதோர் கேலி செய்தாரே.

குதிரையை விற்றார் என்று எழுதினாய். வண்டியை விற்றார் என்று எழுதவில்லை. வண்டி எங்கே?

அவர் விரல் நசுங்கியது எந்தத் தேதி?

இதற்கு மட்டும் பதில் எழுது.

ஒர்தான்ஸ்


வெர்லோன்
2 ஏப்ரல் 1911

மெலானி,

நீ சுகமாகத்தான் இருப்பாய். புருஷன் உயிரோடு இருக்கிறவள்.

பதில் வரவில்லை. அதுவே பதில்.

அம்மா செத்தபோது உனக்கு நான்கு வயது. என் முதுகில் கூடைக்குப் பதில் உன்னைக் கட்டிக்கொண்டு திராட்சை அறுத்தவள் நான். அந்த முதுகில் இப்போது உன் புருஷன் வண்டியை ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டு முழங்காலில் நின்று பூசையும் கண்டாராம். நானும் அவருக்குக் கை தேவலையா என்று கேட்டு எழுதினேனே! அந்தக் கையை அன்றைக்கு அடித்தது யார் தெரியுமா? நான்தான். கொடி கட்டும் குச்சியால் அடித்தேன். சக்கரத்தின் பக்கம் குனிந்தான், விரல் மேல் போட்டேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. தலையில் போட்டிருக்க வேண்டும்.

அர்சேனுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அன்றே கிளம்பிவிடுவான். ஈஸ்டர் வரைக்கும் பொறுப்பேன். அதற்குள் உன் புருஷன் தானாகவே போலீஸிடம் போய் "நான்தான் கொன்றேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் மகன் கேட்பான், நான் சொல்வேன்.

ஒர்தான்ஸ்


புக்ஸ்வால்
8 ஏப்ரல் 1911

அக்கா,

உன் காலில் விழுந்து எழுதுகிறேன். ஆமாம். அவர்தான்.

டிசம்பரில் எங்கள் வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது. உங்கள் பக்கத்துக் கம்பெனி ஆள் ஒருவன் வந்தான். பெயர்த் தகட்டைக் கழற்றிவிட்டு மேட்டுப் பாதையில் வா, யாரும் பார்க்கமாட்டார்கள் என்றான். நான்தான் போகச் சொன்னேன். பீப்பாயில் இருந்தது தெற்கத்திச் சாறு இல்லை அக்கா, நம் தோட்டத்து ஒயின், போன வருஷத்துக்கு முந்தியது. கடைசி ஆறு பீப்பாய். அவருக்கு அது உங்கள் ஊர்ப் பாதை என்பதே பாரமாக இருந்தது. "சகலை வீட்டு வாசல்ல திருடன் மாதிரி போகணுமா புள்ள?" என்று கேட்டார். போங்கள் என்றேன்.

அவர் வண்டியை யார் மேலும் விடவில்லை. எதையும் எடுக்கவில்லை, எதையும் தள்ளவில்லை. வண்டி உருண்டுவிட்டது. "சக்கரத்துக்குக் கல்லு போடுங்கடா, கல்லு!" என்றுதான் கத்தினார். உங்கள் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டது அத்தானுக்கு மட்டும்தான். குரலைத் தெரிந்துகொண்டார். ப்ரோஸ்பெர் என்று ஒரு தடவை கூப்பிட்டார். கல்லைத் தேட நேரமில்லை. தோளைக் கொடுத்தார். என் வீட்டுக்காரரைக் காப்பாற்றத்தான் அத்தான் வண்டிக்குப் பின்னால் போனார், அக்கா. இவர் மறுபக்கச் சக்கரத்தின் கீழே கட்டையைத் தள்ளக் குனிந்தபோதுதான் கையில் அடி விழுந்தது. அது நீ என்று நீ எழுதும்வரை எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

இதற்கு மேல் எதையும் என்னிடம் கேட்காதே. கேட்டால் நல்லதில்லை. போலீஸிடம் போகிறேன் என்கிறார். போனால் அங்கே என்ன நடந்தது என்று துருவிக் கேட்பார்கள், வேண்டாம் என்று நான்தான் தடுக்கிறேன். அர்சேனுக்குச் சொல்லாதே. உன் பிள்ளைக்காகச் சொல்கிறேன், எங்களுக்காக இல்லை.

உன் மெலானி


வெர்லோன்
13 ஏப்ரல் 1911

மெலானி,

நலம் விசாரிக்க நேரமில்லை. விடிந்துகொண்டிருக்கிறது. உடம்பெல்லாம் புகை நாற்றம்.

நேற்று நாங்கள் ஆற்றங்கரைக் கம்பெனிகளுக்குப் போனோம். உங்கள் ஓப்காரர்கள் கத்தியதில் அரசாங்கம் பயந்துபோய், ஷாம்பெய்னுக்கு எல்லையே வேண்டாம், எல்லாரும் ஷாம்பெய்ன்தான் என்று சொல்லப் பார்க்கிறதாம். செய்தி வந்ததும் ஊர் ஊராக மணி அடித்தார்கள். எத்தனை ஆயிரம் பேர் என்று தெரியாது. பெண்கள் முன்னால் நின்றோம், குதிரைப்படை எங்கள் மேல் ஏறாது என்று. ஏறினார்கள். என் பக்கத்தில் நின்ற பிள்ளைத்தாய்ச்சியைக் குதிரை நெஞ்சால் இடித்துச் சுவரோடு தேய்த்துக்கொண்டு போனது. எங்கள் கொட்டிலில் சூப் குடித்த அந்தத் தெற்கத்திப் பையன் வாளின் தட்டைப் பக்கத்தால் கிழவர்களை அடித்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே அடித்தான்.

கதவுகளை இரும்புக் கம்பியால் நெம்பினோம். பியானோவை மாடியிலிருந்து தள்ளினார்கள். நிலவறைக்குள் இறங்கி அடுக்கடுக்காகப் புட்டியைச் சரித்தோம். வெடித்தது மெலானி, வேட்டுக்கட்டு மாதிரி. ஒருவனுக்குக் கண் போய்விட்டது. தெருவில் கணுக்கால் அளவு ஒயின் ஓடியது. என் உள்ளங்கை இரண்டும் கண்ணாடியால் கிழிந்திருக்கிறது, அதனால்தான் எழுத்து இப்படி. முதலாளிகளின் கொடிகள் மேல் பனிக்காக மூடியிருந்த வைக்கோலுக்குத் தீ வைத்தோம். மலைச்சரிவு முழுக்க எரிந்தது. கொடியை எரிக்கிறோமே என்று கை தயங்கவில்லை. நாற்பது வருஷமாகக் குழந்தை மாதிரி குனிந்து குனிந்து கட்டின கைதான் இது.

அந்த வெளிச்சத்தில் அர்சேன் வந்து என் தோளைப் பிடித்தான். முகமெல்லாம் கரி. "அம்மா, உனக்கு யாருன்னு தெரியும். சித்தி கடிதாசி வந்தா நீ மறைச்சு வைக்கற. யாரு?" என்றான்.

உன் கடிதம் மடியில்தான் இருந்தது. "வண்டி உருண்டுவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். வண்டிக்கென்ன காலா இருக்கிறது, தானாக உருள? இசிதோர் காப்பாற்றப் போனாராம்! செத்தவர் வந்து இல்லை என்று சொல்லவா போகிறார்?

சொல்லிவிட்டேன். "உன் ஞானத்தகப்பன்தான்" என்றேன். அவன் கோடாலியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தான். மூன்று நாள் நடை. ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பான்.

எனக்கு வருத்தம் இல்லை.

ஒர்தான்ஸ்


புக்ஸ்வால்
23 ஏப்ரல் 1911

அக்காவுக்கு,

அர்சேன் வீடு வந்து சேர்ந்திருப்பான். அவன் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ பயந்துகொண்டிருப்பாய்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஓடிப்போங்கள் என்றேன். "எங்க ஓட? வரட்டும் புள்ள. என் பிள்ளைதானே" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் முற்றத்தில் ஒற்றைக் கையால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அர்சேன் வாசலைத் தாண்டி வந்தான். எவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டான்! சின்னப் பையனாகக் கோயிலில் முதல் நன்மை வாங்கினபோது பார்த்தது. நான் முத்தமிடப் போனேன், தள்ளிவிட்டான்.

"எங்கப்பாவ கொன்னது நீயா?" என்றான்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

கோடாலியின் பின்புறத்தால் அடித்தான். முதல் அடியில் தாடை போய்விட்டது. இரண்டாவது தோள். விழுந்த பிறகு விலாவில் மிதித்தான், மூச்சு வாங்க வாங்க மிதித்தான். நான் அவன் முதுகில் தொங்கினேன். "நிறுத்துடா, யார் செஞ்சதுன்னு சொல்றேன் கேளுடா" என்று நான் வாயைத் திறந்ததும் அவர் தரையில் கிடந்தபடியே என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. வாயெல்லாம் பல்லும் ரத்தமும். அந்த நிலையிலும் தலையை ஆட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அர்சேன் வெட்டுவதற்குக் கோடாலியைத் திருப்பிப் பிடித்தான். அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கிணற்றில் எறிந்துவிட்டுப் போய்விட்டான்.

புதன்கிழமை விடிகாலை என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். விலா எலும்பு உள்ளே குத்தியிருந்ததாம். அர்சேனுக்கு இது தெரியாது. போலீஸ்காரர் வந்தார். கலகத்தில் யாரோ முகம் தெரியாதவர்கள் அடித்தார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பயப்படாதே, யாரும் தேடி வரமாட்டார்கள்.

பேச்சு வராமல் மூன்று நாள் கிடந்தார். கடைசியில் என் காதை வாயருகே இழுத்து, "பையனுக்குச் சொல்லாத" என்றார். அவனுக்குச் சொல்ல மாட்டேன். உனக்குச் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

உங்கள் ஊரில் யாரிடம் குதிரை இருக்கிறது அக்கா? முதுகுக் கூடைதான் உங்கள் வண்டி. அதனால் உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேட்டில் பாரம் ஏறும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது குதிரைதான். சக்கரத்துக்குக் கல் கொடுக்காமல் வாரை அறுத்தால் வண்டி கீழேதான் வரும். வேறு எங்கே போகும்? யார் அறுத்தது என்று நீயே முதல் கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தாய். நான் அதைப் படித்தபோது அவர் என் எதிரில்தான் படுத்திருந்தார். அவர் வண்டி மேலிருந்து பார்த்திருக்கிறார். "கையில கத்தியோட நம்ம அர்சேன் புள்ள. குதிரைய தடவிக் குடுத்துட்டு அறுத்தான்" என்றார்.

அதனால்தான் உனக்குப் பதில் எழுத எனக்கு அவ்வளவு நாள் ஆயிற்று.

மெலானி


வெர்லோன்
6 செப்டம்பர் 1911

மெலானி,

நீ சுகமா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நாலரை மாதம் உனக்கு எழுதவில்லை. எழுத உட்காருவேன், பேனா நிற்கும். உன் கடிதத்தை ஒரே ஒரு தடவை வாசித்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன், அவன் கண்ணில் படக் கூடாது என்று. வார்த்தை ஒவ்வொன்றும் மனசில் அப்படியே இருக்கிறது.

இந்த வருஷம் திராட்சை வந்திருக்கிறது பார், கண்கொள்ளாது. கொத்து கருத்து, தோல் இறுகி, நோய் நொடி இல்லாமல். கிழவர்கள் இப்படிப் பார்த்ததில்லை என்கிறார்கள். உங்களையும் இரண்டாம் வரிசை ஷாம்பெய்ன் என்று சேர்த்துவிட்டார்களாமே. காப்பிக்கடையில் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொல்லன் மரியோ அன்றைக்கு, "நாம அடிச்ச அடியிலதான் விலை ஏறிச்சு" என்றான். யாரை அடித்தோம் என்று கேட்டேன். சிரித்தான்.

அர்சேன் திரும்பி வந்தபோது ஊர் அவனைத் தோளில் தூக்கியது. அப்பனுக்குப் பழி வாங்கிய பிள்ளை என்று. அவன் மூன்று நாள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் ஒரே கேள்விதான். கொடி கட்டும்போது, மருந்து அடிக்கும்போது, சாப்பிடும்போது. "அவரு கையத் தூக்கவே இல்லம்மா. ஏன் தூக்கல? சாப்பிட்டியாடான்னு கேட்டாரு." எனக்குத் தெரியாதுடா என்பேன். அவன் தூங்கும்போது முகத்தைப் பார்ப்பேன். இரண்டு உயிர் அந்தக் கையில் போயிருக்கிறது, ஒன்றுகூட அவனுக்குத் தெரியாது. அந்தக் கையில் கோடாலியைக் கொடுத்தவள் நான். அவனுக்கு அது போதாதா, மீதியையும் கொடுக்க வேண்டுமா என்று நினைப்பேன்.

உன் தோட்டத்தில் அறுக்க ஆள் இருக்காது. சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். நீ கதவைத் திறக்க வேண்டாம். கூடையும் கத்தியும் நானே கொண்டுவருகிறேன். மேல் வரிசையிலிருந்து அறுத்துக்கொண்டு வருவேன். கொட்டிலில் படுத்துக்கொள்வேன். முடிந்ததும் போய்விடுவேன். நீ என்னை அடித்தாலும் அடித்துக்கொள்.

நேற்று நான் கூடைக்கு வார் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவன் வந்து நின்றான்.

"சித்தி வீட்டுக்கா?"

"ஆமாம்."

"நானும் வரேம்மா. சித்தப்பாவுக்குக் கை வேற சரியில்ல, நான் வேற தோளுல அடிச்சிட்டேன். ஒரு வாரம் அறுத்துக் குடுத்துட்டு வரேன். கால்ல விழணும்னாலும் விழறேன். எங்கப்பாவ அவரு வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரும்மா. அந்த மூஞ்சிய நான் பாத்தேன்."

ஊசி விரலில் ஏறியது.

"வேண்டாம்டா. அவரு உன்னப் பாக்க மாட்டாரு."

"அவரு சொன்னாரா?"

"சித்தி எழுதியிருக்கா. சாகற வரைக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டாராம். மன்னிக்க மாட்டாராம்."

குழந்தையில் அழப்போகுமுன் உதட்டைக் கடிப்பானே, அப்படிக் கடித்துக்கொண்டான். பிறகு, "சரிதான். நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறிப் போனான்.

கடைசி மூச்சிலும் அவனைக் காப்பாற்றின மனுஷனை, நெஞ்சில் ஈரம் இல்லாதவர் என்று அவனிடமே சொல்லிவிட்டேன், மெலானி. உன் வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார். என்னிடமிருந்து இதைவிடப் பெரியதையெல்லாம் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் போனவர்.

உன் அக்கா,
ஒர்தான்ஸ்